நூலளவும் காற்றளவும்

விமான நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவன் என்று தெரிந்த மாத்திரத்தில் ஜனங்கள் என்னிடம் கேட்பவை இரண்டே கேள்விகள்தாம்: விமானம் கீழே விழுந்துவிடாதா என்பது ஒன்று, இன்ன ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்பது மற்றொன்று. முதற் கேள்வியைச் சிரித்து மழுப்பிவிடலாம். இரண்டாவது கேள்விக்கோ, ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷகாலம் சம்பளம் வாங்கிக்கொண்டு தினந்தோறும் விடை எழுதி வந்தவன் ஆதலால், மழுப்ப மனம் வருவதில்லை. உள்ளபடி சொல்லலாமென்றாலோ, கேட்டவர் நின்று கேட்கும் பொறுமைக்குள் அது அடங்குவதில்லை.

என் உத்தியோகத்துக்குப் பெயர் பிளைட் டிஸ்பாட்சர். விமானம் ஓட்டுகிறவர் தொப்பியும் தோளில் பொற்பட்டையுமாகப் பிரயாணிகளின் கண்முன்னே கம்பீரமாக நடந்து போவார். அவருடைய கைப்பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் நீண்ட தாளை எழுதியவனை எவரும் பார்த்ததில்லை. எந்த வழியாகப் போவது, எந்த உயரத்தில் பறப்பது, வழியிலுள்ள எந்த இடத்தை எந்த நிமிஷத்தில் கடப்பது, அதற்கு எத்தனை டன் எரிபொருள் ஏற்றுவது, போகிற ஊரில் மூடுபனி கவிந்து இறங்க இயலாமற் போனால் எந்த ஊருக்குத் திரும்புவது என்பவற்றையெல்லாம் புறப்பாட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னதாகவே கணித்து, அந்தத் தாளை விமானியின் கையில் கொடுத்து, அவரும் நானுமாகக் கையெழுத்திட்ட பிறகுதான் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கட்டையை எடுப்பார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மீனம்பாக்கத்தில் எங்கள் பிரிவிலே வேலை பார்த்த கொங்கு நாட்டு இளைஞன் ஒருவனுடைய தமையன் லண்டனுக்குப் பிரயாணமானான். நாங்கள் தரைப்பணி செய்து கொடுத்துவந்த ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் நேர் விமானம் அது, விடியற்காலை 5.30 மணிக்குப் புறப்பட்டு, முற்பகல் 11 மணிக்கு லண்டனில் இறங்குவதாக டிக்கெட்டில் அச்சாகியிருந்தது. வழியனுப்ப வந்திருந்த அந்தப் பிள்ளைகளின் தாயார், பழனிக்கு அருகே ஏதோ ஒரு கிராமத்தவர், வெள்ளை வாயில் புடவை தலைப்பை இறுகச் செருகிக்கொண்டு, வெளித்தாழ்வாரத்தின் தூணோரம் நின்றவர், என்னைக் கண்டதும் கேட்டார்:

“ஏனுங் தம்பி, வெடியால அஞ்சரைக்குக் கெளம்புனா பதனோரு மணிக்கெல்லாம் லண்டன்ல எறங்கீர்றானாமா? மெட்ராஸ்லருந்து எங்கூரு போறதுக்கே ராத்திரி பூராவும் பஸ்ஸுல குந்திக்கிட்டுப் போகோணும்!”

“அஞ்சரை மணி நேரம் இல்லீங்கம்மா. அங்கத்திக் கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு நாலரை மணி நேரம் பின்னால ஓடுது. அதையும் சேர்த்தா பத்து மணி நேரம் ஆகும்” என்றேன்.

அவர் சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, “அப்ப அந்த நாலரை மணி நேரம் எங்க போச்சுங்?” என்றார்.

அந்தக் கேள்வியை அற்பமென்று தள்ளுவதற்கில்லை. 1792-ஆம் வருஷம் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட வானியல் நிலையத்தில் இருந்துகொண்டு கோல்டிங்ஹாம் என்ற வானியலறிஞர் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து, 1802-இல் கிரீனிச்சுக்கும் சென்னைக்கும் உள்ள காலபேதம் 5 மணி 21 நிமிஷம் என்று நிர்ணயம் செய்தபோது, அவர் அளந்ததும் இதே தூரத்தைத்தான். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிஷம் ஆகிறது. சென்னைக்கும் கிரீனிச்சுக்கும் இடையே எண்பது பாகைக்குச் சற்று மேல். ஆகவே நம் தலைக்கு மேல் உச்சியில் நிற்கும் சூரியன் கிரீனிச்சின் உச்சிக்குப் போய்ச் சேர 5 மணி 21 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு பின்னால் இந்திய நேரமாகி ஐந்தரையாயிற்று. வெள்ளைக்காரர் கோடைகாலத்தில் தம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொள்வதால் அந்தப் பருவத்தில் நாலரையாகிறது. மேற்கே போகிறவன் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறான். துரத்துகிற வேகம் போதாமையால் பாதி வழியில் பின்தங்கிவிடுகிறான். இவ்வளவையும் தூணோரத்தில் நின்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. “வர்றப்பத் திருப்பிக் கொடுத்துருவாங்கம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தூரத்தைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர், அறுபதுகளின் பிற்பகுதியில், பம்பாய் சாந்தாகுரூஸில் எங்கள் மூத்தவராயிருந்த ஒரு திருநெல்வேலிக்காரர். நட்சத்திரங்களைப் பார்த்து வழி சொல்லும் நாவிகேட்டராக, முதலில் டக்கோட்டா விமானங்களிலும் பின்னர் கான்ஸ்டலேஷன் விமானங்களிலும் பறந்து, கண் மங்கியதும் தரைக்கு வந்தவர். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், சுவரிலிருந்த மெர்கேட்டர் படத்தின்மீது அடிக்கோலை வைத்துச் சென்னையையும் லண்டனையும் இணைத்து ஒரு கோடு இழுத்து, இதுதான் நேர்வழி என்று காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேஜையிலிருந்த பூகோள உருண்டையை முன்னால் இழுத்து, சட்டைப் பொத்தான் தைக்கிற நூலில் ஒரு முழம் அறுத்து, அதன் ஒரு நுனியைச் சென்னையிலும் மறு நுனியை லண்டனிலும் வைத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, “ஏலேய், காகிதத்தை நம்பாதே. உருண்டையைக் கேளு” என்றார்.

முப்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நூல்தான் செல்லும். நூல் காட்டும் அந்த வழி சுமார் 8,230 கிலோமீட்டர், எங்கள் கணக்கில் 4,440 கடல் மைல். நான் அடிக்கோலால் இழுத்த வழியோ 8,480 கிலோமீட்டருக்குக் குறையாது. மெர்கேட்டர் என்ற மகானுபாவர் 1569-இல் அந்தப் படத்தை வரைந்தது கப்பற்காரர்கள் திசைமானியின் முள்ளை ஒரே திசையில் நிறுத்திக்கொண்டு போகும் வசதிக்காக. குறுக்குவழி காட்டுவதாக அவர் வாக்களித்ததில்லை. நூல் போகிற வழியில் திசை ஓரிடத்திலும் நிலையாக நிற்காது. சென்னையை விட்டுக் கிளம்பும்போது 320 பாகை, அதாவது ஏறக்குறைய வடமேற்கு. மகாராஷ்டிரத்தின் மேலாக ஏறி, கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே உப்பு வெளியைத் தாண்டி, பலுசிஸ்தானத்தையும் கீழைப் பாரசீகத்தையும் கடந்து, காஸ்பியன் கடலின் மேற்குக் கரையைத் தொட்டு, காகசஸ் மலைகளுக்கு வடக்கே போய், உக்ரைனின் தென்பாகத்தையும் போலந்தின் கிராக்கோவ் நகரத்தையும் ஜெர்மனியையும் தாண்டி லண்டனை அணுகும்போது, விமானத்தின் மூக்கு வடக்கை அறவே மறந்து நேர் மேற்கே திரும்பியிருக்கும். வடமேற்கே புறப்பட்டு, வழியில் எங்கும் வளையாமலே, மேற்குமுகமாகப் போய் இறங்குகிற இந்த விந்தையை நூலும் உருண்டையும் இல்லாமல் மற்றொருவனுக்கு விளக்கிவிடலாம் என்று நான் நம்பவில்லை. பின்னாளில் எனக்குக் கீழே வேலைக்கு வந்த பிள்ளைகள் அனைவரையும் அதே நூலைப் பிடிக்கச் செய்திருக்கிறேன்.

இந்த இரு ஊர்களுக்கும் நடுவே தபால் வந்த காலத்தையும் மூத்தவர் சொல்லுவார். 1929-இல் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத் தபால் தொடங்கியபோது அதற்கு ஏழு நாட்கள் பிடித்தன; அதிலும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டும் பகுதி ரயிலில். கராச்சிக்கு இப்பால் தபாலைக் கொண்டுவர ஏற்பாடாயிற்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்க, மறுநாள் நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்து வந்தார். ஆமதாபாத்தில் அந்த விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கினவாம். 1948 ஜூன் 8 அன்று மலபார் பிரின்ஸஸ் என்ற கான்ஸ்டலேஷன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியபோது, நாட்கணக்காயிருந்தது மணிக்கணக்காகிவிட்டது. தூரம் ஒரு முழமும் குறையவில்லை.

நூல் பாடம் ஒரு நாளில் முடிந்துவிட்டது. காற்றுப் பாடம் முடிய வருஷங்கள் ஆயின.

மூத்தவர் அதைத் தாமிரபரணியிலிருந்து ஆரம்பிப்பார். குறுக்குத்துறையில் ஒரு மண்டபத்திலிருந்து மற்றொரு மண்டபத்துக்கு நீந்துகிறவன், கரையில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரே தூரத்தைத்தான் போய்வருகிறான். ஆனால் எதிர்நீச்சலில் எத்தனை தரம் கை வீசினான், நீரோட்டத்தோடு வரும்போது எத்தனை தரம் வீசினான் என்று அவனுடைய தோளைக் கேட்டால் இரண்டு வேறு தூரங்களைச் சொல்லும். விமானமும் காற்றில் நீந்துகிற பிராணிதான். அதற்குத் தரை தெரியாது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிற விமானம், காற்று அசையாது நின்றால், 8,230 கிலோமீட்டரை 9 மணி 9 நிமிஷத்தில் கடக்கும். வழிநெடுக மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் 10 மணி 2 நிமிஷம் ஆகும். அதற்குள் அது நீந்தித் தீர்த்த காற்று 9,030 கிலோமீட்டர். அதே காற்று முதுகில் தள்ளினால் 8 மணி 24 நிமிஷம். நீந்திய காற்று 7,560 கிலோமீட்டர். எங்கள் தாளில் தரைத்தூரம் என்று ஒரு பத்தியும் காற்றுத்தூரம் என்று ஒரு பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எரிபொருளைக் கணக்கிடுவது இரண்டாவது பத்தியைக் கொண்டுதான். முதற்பத்தி பிரயாணிகளுக்கும் டிக்கெட் விற்கிறவர்களுக்கும் உரியது.

போகும்போது எடுத்துக்கொண்டதை வரும்போது காற்று முழுக்கத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மேலே சொன்ன இரண்டு காலங்களையும் கூட்டிப் பாருங்கள்: 18 மணி 26 நிமிஷம். காற்றே இல்லாத நாளில் போய் வர ஆவது 18 மணி 17 நிமிஷம். இடையே ஒன்பது நிமிஷம் மாயமாகிவிட்டது. எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் அகப்பட்டுக்கொண்டிருக்கிறோம், பின்காற்றைக் குறைந்த நேரமே அனுபவிக்கிறோம், அவ்வளவுதான் சூட்சுமம். கந்துவட்டிக்காரனிடம் கொடுத்துவைத்த பணம் என்று மூத்தவர் சொல்லுவார். கணக்கு எப்படிப் பார்த்தாலும் நம் பக்கம் குறைந்தே வரும்.

அந்தக் காற்றுக்கும் பருவம் உண்டு. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மகாநதி போல் ஜெட் ஸ்ட்ரீம் பாய்கிறது. அதன் நடுவோட்டத்தில் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்துக்கு மேற்பட்ட காற்று சர்வசாதாரணம். கோடையில் அது இமயத்துக்கு அப்பால் வடக்கே விலகிப் போய்விடும். அந்தச் சமயத்தில், தென்மேற்குப் பருவமழை காலத்தில், நம் தென்னாட்டுக்கு மேலே நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்காக வேறோர் ஓட்டம் உண்டாகிறது. இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர் இந்திய வானிலை இலாகாவைச் சேர்ந்த பி. கோட்டீஸ்வரம், 1958-இல். அதன் உச்ச வேகம் நாங்கள் பறக்கும் உயரத்துக்கு மேலேதான் என்றாலும், ஜூலை மாதத்தில் சென்னையிலிருந்து மேற்கே கிளம்புகிற விமானத்துக்கு முதல் ஓரிரண்டு மணி நேரம் முதுகில் ஒரு கை கிடைக்கும். ஜனவரியில் அது கிடையாது. முன்னே சொன்ன, மேற்கிலிருந்து பாயும் ஜெட் காற்றை முதன்முதலில் பலூன் விட்டு அளந்து எழுதிவைத்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். உலகமெல்லாம் படிக்கட்டும் என்ற உத்தமமான எண்ணத்தோடு அவர் 1926-இல் தம் அறிக்கையை எஸ்பெராண்டோ பாஷையில் வெளியிட்டார். ஆகவே ஒருவரும் படிக்கவில்லை. 1944-இல் டோக்கியோவுக்கு மேலே பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் அகப்பட்டுக் குறி தவறித் திண்டாடின.

காற்றை நான் கற்றது ஓயிஷியிடமும் அல்ல, மூத்தவரிடமும் அல்ல. ஒரு சிவப்புப் பென்சிலிடம்.

எழுபதுகளின் இறுதியில் ஒரு ஜனவரி இரவு, பம்பாயிலிருந்து லண்டனுக்கு நேரே போக வேண்டிய ஒரு விமானத்துக்கு நான் தாள் எழுதினேன். 7,200 கிலோமீட்டர் தூரம். வானிலை அலுவலகத்திலிருந்து மாலையில் வந்த சார்ட்டில் வழிநெடுகச் சராசரி எதிர்க்காற்று 55 நாட் என்று கணக்கு வந்தது. ஜெட் ஸ்ட்ரீம் தெற்கே இறங்கிக்கொண்டிருப்பதைக் காட்டும் புதிய சார்ட் இரவு வரும் என்று எனக்குத் தெரியும். அது வரத் தாமதமாயிற்று. நான் பழையதைக் கொண்டே எழுதி முடித்தேன். விமானி தாளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஐம்பது வயது தாண்டியவர், குரலை உயர்த்தாதவர். “இன்னும் ஐந்து டன் போட்டால் நல்லது” என்றார்.

இங்கே எரிபொருளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதிகம் ஏற்றினால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று வெளியிலிருப்பவர்கள் கேட்பார்கள். ஏற்றிய எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். உபரியாகச் சுமக்கும் எடையில் மணிக்கு நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு வீதம் அதைச் சுமப்பதற்கே எரிந்து போகும். பத்து மணி நேரப் பிரயாணத்துக்குப் பத்து டன் கூடுதலாக ஏற்றினால், போய்ச் சேரும்போது மிஞ்சுவது ஆறேழு டன். மாட்டுவண்டிக்காரன் தீவனத்துக்காகவே ஒரு வண்டி கட்டிக்கொண்டு போவது போன்ற சங்கதி. அன்றியும் விமானம் எழும்பக்கூடிய மொத்த எடைக்கு ஓர் எல்லை உண்டாதலால், அன்றிரவு ஐந்து டன் ஏற்றுவதென்றால் ஐந்து டன் சரக்கை இறக்கியாக வேண்டும். சரக்கோ, மறுநாள் கடைக்குப் போய்ச் சேர வேண்டிய ஆயத்த ஆடைகள். என் கணக்கை வரிவரியாக அவருக்கு எடுத்துக் காட்டினேன். வழிச்செலவு இவ்வளவு, அதில் நூற்றுக்கு ஐந்து வீதம் எதிர்பாராச் செலவுக்கு, மாற்று ஊருக்குப் போக இவ்வளவு, கடைசியாக அரை மணி வட்டமடிக்க இவ்வளவு. எங்கும் ஓட்டையில்லை. எரிபொருள் விஷயத்தில் இறுதி வார்த்தை விமானியுடையது. வேண்டுமென்று அவர் ஒரு சொல் அழுத்திச் சொல்லியிருந்தால் நான் ஏற்றித்தான் ஆக வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்தார்; கையெழுத்திட்டார்.

விமானம் நேரே லண்டன் போய்ச் சேரவில்லை. மத்திய ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் இறங்கி எரிபொருள் வாங்கிக்கொண்டு, இரண்டரை மணி தாமதமாகப் போயிற்று என்று காலையில் டெலக்ஸ் வந்தது.

நான்கைந்து நாட்களுக்குப் பிறகு அந்தத் தாள் திரும்பி வந்தது. பறந்து முடிந்த தாள் திரும்பி வந்து கோப்பில் சேருவது வழக்கந்தான். அதில் ஒவ்வோர் இடத்துக்கும் நேராக நான் குறித்திருந்த நிமிஷத்தின் பக்கத்தில், உண்மையில் கடந்த நிமிஷத்தை அவர் தம் முத்து முத்தான கையெழுத்தில் குறித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தார்: 1, 3, 6, 10, 15, 21. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. திட்டு இல்லை, புகார் இல்லை. காற்று 55 அல்ல, 80 நாட் அடித்திருக்கிறது. இருபத்தைந்து நாட் பிசகினால் எட்டரை மணி நேரத்தில் 210 கடல் மைலுக்கு மேல் பின்தங்கிவிடும். அவர் கேட்ட ஐந்து டன் அந்த அரை மணிக்குச் சரியாக இருந்திருக்கும். அவருக்கு எந்தச் சார்ட்டும் அன்று வந்து சேர்ந்திருக்கவில்லை. முந்தின வாரம் அதே வழியில் பறந்தபோது கண்டதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அந்தத் தாளின் பிரதி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். அதன் பிறகு புதிய சார்ட் வராமல் நான் ஒரு தாளிலும் கையெழுத்திட்டதில்லை. தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்த சந்தர்ப்பங்கள் பல.

தூரம் ஒன்றாயிருக்கக் காலம் எவ்வளவு தூரம் மாறுபடும் என்பதற்கு, நான் அறிந்தவற்றுள் தலைசிறந்த உதாரணம் இலங்கையில் இருக்கிறது. யுத்த காலத்தில், 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் காலிக்கு அருகே கொக்கலை ஏரிக்கும் இடையே குவாண்டஸ் நிறுவனத்தின் கேட்டலினா கடல்விமானங்கள் இந்து மகாசமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டின. சுமார் 5,650 கிலோமீட்டர். ஜப்பானியர் காதில் விழாதிருக்க வானொலியை மூடிவிட்டு, நட்சத்திரங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவார்கள். மூன்று பிரயாணிகளும் சிறிதளவு தபாலும்தான் அதில் செல்லும். மற்ற இடமெல்லாம் பெட்ரோல். ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைப் பார்ப்பார்களாதலால் அதற்கு இரட்டை உதயம் என்றே பெயர். ஒரு தடவை 27 மணி நேரத்தில் கடந்த அதே நீர்ப்பரப்பை மற்றொரு தடவை கடக்க 32 மணிக்கு மேல் ஆகியிருக்கிறது. எங்கள் மூத்தவர் அதைச் சொல்லும்போதெல்லாம், அந்த ஐந்து மணி நேரத்தில் அந்த நாவிகேட்டருடைய வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று தம் வயிற்றைத் தடவிக்கொள்வார்.

இதற்கு மறுபுறமும் உண்டு. டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம், 2016 அக்டோபரில் திசையையே மாற்றிக் கிழக்கே திரும்பி, பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போகலாயிற்று. பழைய வழி சுமார் 13,900 கிலோமீட்டர். புதிய வழி சுமார் 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போய், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகச் சேர்ந்தது. நான் ஓய்வு பெற்று வருஷங்கள் பல ஆகியிருந்தாலும், அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று மூத்தவர் இல்லையே என்று ஏக்கமாக இருந்தது.

இப்போதெல்லாம் காற்றைக் காட்டிலும் ராஜாங்கங்கள் வழியை அதிகம் வளைக்கின்றன. என் நூல்வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் உக்ரைனின் கிழக்கு வானம் மூடிற்று. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் வானம் மூடிக் கிடந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் முழுவதும் மூடிற்று. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ரஷ்யாவின் மேலாக ஒன்பதரை மணியில் போய்க்கொண்டிருந்த விமானம், ரஷ்யா தன் வானத்தை அடைத்த பிறகு வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி பறக்கிறது. உருண்டையில் அந்த நூல் இன்னும் அதே நீளந்தான்.

டிக்கெட்டில் அச்சாகும் காலம் இவை எல்லாவற்றையும் விழுங்கிய ஒரு தொகை. சக்கரக் கட்டையை எடுத்தது முதல் மறுபடி வைப்பது வரையில் கணக்கு. ஓடுபாதைக்குப் போக ஊர்ந்த நேரமும் அதில் அடங்கும், பருவத்தின் சராசரிக் காற்றும் அடங்கும், லண்டனுக்கு மேலே வட்டமடிக்கிற நேரமும் அடங்கும். பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்று லண்டனைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்களை அடுக்கடுக்காகச் சுற்றவிடுவார்கள். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிஷம். எட்டாயிரம் கிலோமீட்டரை நிமிஷக் கணக்காக எழுதி அனுப்பிய எனக்கு, கடைசி நாற்பது கிலோமீட்டரில் எத்தனை சுற்று விழும் என்று ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.

அந்தக் கொங்கு நாட்டு அம்மையார் மறு வருஷம் குளிர்காலத்தில், பேரன் பிறந்திருப்பதைப் பார்க்க, தாமே லண்டனுக்குப் போய்வந்தார். திரும்பி வந்த வாரத்தில் அவருடைய இளைய மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தவர், சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

“தம்பி, போற வழியும் வர்ற வழியும் ஒண்ணுதானுங்களே?”

“ஏறக்குறைய ஒண்ணுதானுங்கம்மா.”

“அப்பறம் ஏனுங் தம்பி, போறப்ப முப்பத்திரெண்டு உரு ஆச்சு, வர்றப்ப இருபத்தெட்டுத்தான் ஆச்சு?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மகன் விளக்கினான். கந்தர் சஷ்டி கவசத்தை ஒரே நாளில் முப்பத்தாறு உரு சொல்லுகிற வழக்கம் அவருக்கு உண்டு. பேரன் சுகமாகப் பிறந்தால் விமானத்தில் போகும்போதே முப்பத்தாறும் முடிப்பதாகப் பழனியாண்டவரிடம் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். விமானம் தரையை விட்டு எழும்பிய கணத்தில் தொடங்கி, ஓர் உரு முடிந்ததும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, சக்கரம் லண்டன் மண்ணைத் தொடும்வரை சொல்லியிருக்கிறார். வரும்போதும் அப்படியே. இடையே சாப்பிடவில்லையா, கண்ணயரவில்லையா என்று கேட்க நினைத்தேன், துணிவு வரவில்லை.

ஓர் உருவுக்கு இருபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், போகும்போது 10 மணி 40 நிமிஷம்; வரும்போது 9 மணி 20 நிமிஷம். மறுநாள் அலுவலகத்தில் மூவ்மென்ட் செய்திகளின் கட்டைப் பிரித்து அந்த இரண்டு தேதிகளையும் தேடினேன். போன அன்று எழும்பியதற்கும் இறங்கியதற்கும் இடையே 10 மணி 37 நிமிஷம். வந்த அன்று 9 மணி 24.

காற்றைப் பற்றி அன்று மாலை அவருக்குச் சொன்னேன், தாமிரபரணிக்குப் பதிலாக அமராவதியை வைத்து. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அப்ப முப்பத்தாறு நேர்ந்துக்கிட்டீங்களே, மீதி நாலு உரு என்னாச்சுங்கம்மா?” என்று கேட்டேன்.

“எறங்குன பொறகு பாஸ்போட்டுக்கு வரிசைல நிறுத்துனாங்க பாருங்க தம்பி, அங்க நின்னுக்கிட்டே முடிச்சுப் போட்டேன்” என்றார்.